கையொப்பத்துக்குச் சாட்சி உண்டு, உரிமைக்கு யார் சாட்சி? – அட்டப்பாடி, தேவிகுளம் நில ஆவணங்களும் இத்தாலிய நோட்டரி மரபும்

கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாக மேற்கே ஏறினால் அட்டப்பாடி வரும். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக ஏறினால் மறையூரும், அதற்கு மேலே மூணாறும் தேவிகுளமும் வரும். முன்னது பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னது இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை அட்டப்பாடி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளம் திருவிதாங்கூர் அரசின் ஆளுகையில் இருந்து, பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் சேர்ந்தது. இரு மலைகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அவற்றின் ஆட்சி வரலாறும் வேறு. ஆயினும் இரண்டும் கொங்கு நாட்டை நோக்கிச் சரிபவை. இரண்டிலும் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்கின்றனர். இரண்டிலும் நிலத்தின் மீதான உரிமை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராத வழக்காகவே நீடிக்கிறது.

எல்லையைக் கடக்கும்போது ஆவணங்களின் பெயர்களும் மாறுகின்றன. கீழே 'பத்திரம்' எனப்படுவது மேலே 'ஆதாரம்'. மூலப்பத்திரம் 'முன்னாதாரம்' ஆகிறது. பட்டா மாற்றம் 'போக்குவரவு' ஆகிறது. வில்லங்கச் சான்று 'குடிக்கடச் சான்று' ஆகிறது. தமிழ்நாட்டில் பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவின் படி. கேரளத்தில் 'பட்டயம்' என்பது அரசு தன் நிலத்தை ஒருவருக்கு ஒதுக்கித் தரும் ஆவணம். ஒலி ஒன்றுபோல் இருப்பினும் பொருள் வேறு. இத்தனை பெயர்களுக்கும் அடியில் ஒரே கேள்வி உள்ளது: இந்தத் தாளில் எழுதப்பட்டிருப்பது உண்மை என்பதற்குப் பொறுப்பேற்பவர் யார்?

இக்கேள்விக்கு இத்தாலியச் சட்ட மரபு பல நூற்றாண்டுகளாக ஒரு விடை வைத்திருக்கிறது. நொத்தாயோ எனப்படும் நோட்டரியே அந்த விடை. இந்தியாவில் நீதிமன்ற வளாகத்து மேசையில் முத்திரை குத்தும் நோட்டரியை மனத்தில் கொண்டு அவரைப் புரிந்துகொள்ள இயலாது. பெயர் ஒன்று, பணி முற்றிலும் வேறு. அந்த வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு எல்லை மலைகளின் ஆவண வரலாற்றைப் படிக்கையில், நிலம் கைமாறிய முறையில் எந்த இடம் வெற்றிடமாக இருந்தது என்பது தெளிவாகிறது.

1. இத்தாலிய நொத்தாயோ

இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழைய நோட்டரிப் பதிவேடு ஜெனோவா நகரைச் சேர்ந்தது. ஜொவான்னி ஸ்கிரிபா என்ற நோட்டரி 1154 முதல் 1164 வரை எழுதியது அது. அடுத்த நூற்றாண்டில் பொலோஞ்ஞா நகரின் ரோலாந்தினோ தெ பஸ்ஸாஜ்ஜேரி நோட்டரிக் கலைக்கென ஒரு பெருநூல் இயற்றினார். ஐரோப்பா முழுவதும் அது பாடநூலாயிற்று. வணிக நகரங்களில் கடன், கூட்டு வாணிபம், சீதனம், உயில், நில விற்பனை ஆகிய அனைத்தும் இவர்கள் கை வழியாகவே சென்றன. ஓவியர் லியொனார்தோவின் தந்தை பியேரோவும் ஃபுளோரன்ஸ் நகரின் நோட்டரியே.

தற்போது நடைமுறையில் உள்ள இத்தாலிய நோட்டரிச் சட்டம் 1913ஆம் ஆண்டின் 89ஆம் எண் சட்டமாகும். அதன்படி நொத்தாயோ போட்டித் தேர்வில் தேர்ச்சி பெற்று நியமிக்கப்படும் பொது அலுவலர். ஆனால் அரசு ஊதியம் பெறுபவர் அல்லர். கட்சிக்காரர் தரும் கட்டணத்தில் இயங்குபவர். அப்படியிருந்தும் அவர் வாங்குபவருக்கோ விற்பவருக்கோ வழக்கறிஞராக நிற்க இயலாது. அவர் இருவருக்கும் நடுவில் நிற்க வேண்டியவர்.

அவருடைய கடமைகளுள் நான்கு இங்கே கருதத்தக்கவை. முன்னே நிற்போர் யார் என்பதில் அவர் ஐயமற்ற உறுதி அடைய வேண்டும். அவர்கள் உண்மையில் விரும்புவது என்ன என்பதைத் தாமே கேட்டறிந்து, ஆவணம் எழுதப்படுவதைத் தாமே நெறிப்படுத்த வேண்டும். சட்டம் தடை செய்த ஒன்றை எழுத மறுக்க வேண்டும். எழுதி முடித்ததைக் கட்சிக்காரருக்குப் படித்துக்காட்ட வேண்டும். இவற்றோடு, விற்பவருக்கு அந்த நிலம் உரியதா, அதன் மீது அடமானமோ வழக்கோ உள்ளதா என்பதைப் பதிவேடுகளில் தேடிப் பார்ப்பதும் அவருடைய தொழிற்கடமை என இத்தாலிய நீதிமன்றங்கள் கொள்கின்றன. தேடாமல் விட்டு வாங்குபவர் இழப்புக்குள்ளானால் ஈடு செய்யும் பொறுப்பு நொத்தாயோவுடையது.

இத்தகைய ஆவணத்துக்கு 1942ஆம் ஆண்டின் இத்தாலிய உரிமையியல் சட்டத்தொகுப்பு தனித் தகுதி அளிக்கிறது. தம் முன்னிலையில் நடந்ததாக நொத்தாயோ எழுதியவை, அந்த ஆவணமே பொய்யானது எனத் தனி வழக்கு தொடுத்து நிறுவப்படும் வரை முழுச் சான்றாகும். நிலப் பதிவேட்டில் ஏற்றுவதற்கும் பொது ஆவணம் அல்லது முறையாகச் சான்றளிக்கப்பட்ட தனியார் ஆவணம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். அதாவது, கதவைத் திறப்பவர் ஒருவர் இருக்கிறார். திறந்தது தவறாயின் அவரிடம் கேட்கலாம்.

2. மலபாரின் ஓலை

இத்தகைய பொறுப்பு தென்னிந்தியாவுக்கு அந்நியமானதன்று. மலபாரின் பழைய நில ஓலைகள் பலவற்றை வில்லியம் லோகன் 1887இல் வெளிவந்த தம் மலபார் கையேட்டில் தொகுத்தளித்தார். அவற்றுள் முழு உரிமையையும் விற்கும் அட்டிப்பேற்று ஓலைகள் குறிப்பிடத்தக்கவை. விற்பவர் நீர் வார்த்துக் கொடுப்பது அவற்றில் இடம்பெறும் சடங்கு. நிலத்தின் நான்கு எல்லைகள் சொல்லப்படும். அன்றைய நாளில் அந்நிலம் பெறக்கூடிய விலைக்கு விற்கப்பட்டதாக வாசகம் அமையும். இறுதியில் அறிந்த சாட்சிகளின் பெயர்களும், ஓலையை எழுதியவரின் பெயரும் வரும். தமிழ்க் கல்வெட்டுகளில் எழுதியவர் தம் பெயரோடு 'எழுத்து' என முடிப்பதும் இதே மரபுதான்.

இங்கே எழுதியவர் அரசு அலுவலராக இருக்க வேண்டியதில்லை. அவருடைய நம்பகம் ஊரிலிருந்து வந்தது. அண்டை நிலத்தாரும் ஊரின் முதன்மையாளரும் சாட்சியாக நிற்கும்போது, விற்பவருக்கு உரிமை உண்டா என்ற வினா அவையிலேயே தீர்ந்துவிடும். அந்த அவையில் யாருக்கு இடம் இருந்தது என்பது வேறு செய்தி. நிலத்தில் உழைத்தோரும் மலையில் வாழ்ந்தோரும் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றனர். ஆயினும் உள்ளே நின்றோரைப் பொறுத்தவரை உரிமையை அறிந்தவர்களே ஆவணத்துக்குச் சாட்சிகளாகவும் இருந்தனர்.

3. பதிவு வந்தது, பொறுப்பு பிரிந்தது

பிரிட்டிஷ் இந்தியாவில் 1864ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 1865இல் நடைமுறைக்கு வந்தது. இன்றைய கேரளத்தின் முதல் பதிவு அலுவலகம் அவ்வாண்டே வட மலபாரின் அஞ்சரக்கண்டியில் தொடங்கப்பட்டது. பல திருத்தங்களுக்குப் பின் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் உருவாயிற்று. இன்றுவரை சார்பதிவாளர் அலுவலகங்கள் அதன் வழியேதான் இயங்குகின்றன.

இச்சட்டம் ஒரு பெரிய வேலையைச் செய்தது. ஆவணம் எங்கோ ஒரு வீட்டுப் பெட்டியில் உறங்காமல் பொதுப் பதிவேட்டில் இடம்பெற்றது. எவரும் தேடிப் பார்க்க வழி பிறந்தது. ஆனால் பதிவாளரிடம் சட்டம் ஒப்படைத்த ஆய்வு குறுகியது. 35ஆம் பிரிவு அவரைக் கேட்கச் சொல்வது இவ்வளவே: ஆவணத்தை எழுதிக்கொடுத்தவர் நேரில் வந்தாரா, அவர் தாம் சொல்லும் ஆள்தானா, எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா. அவர் எழுதிக்கொடுத்த நிலம் அவருடையதுதானா என்ற வினா இப்பட்டியலில் இல்லை. 60ஆம் பிரிவின்படி அளிக்கப்படும் சான்றும், ஆவணம் முறையாகப் பதிவாயிற்று என்பதற்கும் அதன் மேற்குறிப்புகளில் உள்ளவை நடந்தன என்பதற்குமே சான்றாகும்.

இந்த நிலை அண்மையில் மீண்டும் உறுதிப்படுத்தப்பட்டது. தமிழ்நாடு அரசு 2022இல் பதிவு விதிகளில் 55-அ என்ற புதிய விதியைச் சேர்த்தது. மூல ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்க அது வழி செய்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதன் முதன்மைப் பகுதியைச் செல்லாததாக்கியது. எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை உண்டா என ஆராய்வது பதிவாளரின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. உரிமை இல்லாதவர் எழுதிக்கொடுத்தால் உரிமை கைமாறுவதில்லை. ஆனால் ஆவணம் பதிவாகும்.

இந்திய நோட்டரியின் இடம் இதைவிடவும் சிறியது. 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் அவருக்கு ஆவணங்களைச் சரிபார்க்கவும் சான்றளிக்கவும் உறுதிமொழி செய்விக்கவும் அதிகாரம் தருகிறது. நில விற்பனைக்கு அவர் தேவையே இல்லை. ஆவணத்தின் வாசகத்தை உண்மையில் வடிப்பவர் ஆதாரமெழுத்தாளர். பதிவுத்துறையின் உரிமம் பெற்றவர் அவர். ஆவணத்தின் அடியில் அவர் பெயரும் இடம்பெறும். முன்னாதாரத்தைப் படித்துப் பார்ப்பதும், குடிக்கடச் சான்று வாங்கச் சொல்வதும் அவருடைய தொழில் அறிவும் நேர்மையும் சார்ந்தவை. எல்லை ஊர்களில் மூன்று தலைமுறை நிலத்தின் கதையை நினைவில் வைத்திருக்கும் ஆதாரமெழுத்தாளர்கள் உண்டு. அந்த அறிவைச் சட்டம் பொறுப்பாக மாற்றவில்லை.

இவ்வாறு, இத்தாலியில் ஒருவரிடம் குவிந்திருக்கும் வேலை இங்கே சிதறிக் கிடக்கிறது. எழுதுபவர் ஒருவர், பதிபவர் ஒருவர், வரி பெற்றுப் போக்குவரவு செய்யும் கிராம அலுவலர் ஒருவர், அளப்பவர் ஒருவர். ஒவ்வொருவரும் தம் பங்குக்குக் கையொப்பமிடுகின்றனர். நால்வரின் கையொப்பமும் உள்ள நிலத்துக்கு ஐந்தாவதாக ஒருவர் உரிமை கோரி வந்தால், பதில் சொல்லும் கடமை வாங்கியவரின் தலையில் விழுகிறது.

4. 1877: பூஞ்ஞாற்றின் சாசனம்

தேவிகுளம் மலைகளின் நில வரலாறு ஓர் ஆவணத்தில் தொடங்குகிறது. 1877 ஜூலை 11ஆம் நாள் பூஞ்ஞாறு அரசர் கேரள வர்மா, பீர்மேட்டின் காப்பித் தோட்டக்காரரான ஜான் டேனியல் மன்றோவுக்குக் கண்ணன் தேவன் மலைகளை எழுதிக்கொடுத்தார். முதலில் 5,000 ரூபாய்; பின்னர் ஆண்டுதோறும் 3,000 ரூபாய். கைமாறிய நிலம் 1,30,000 ஏக்கருக்கும் மேற்பட்டது.

பூஞ்ஞாறு மரபினர் தம்மைப் பாண்டியர் வழியினராகக் கூறிக்கொண்டவர்கள். கிழக்கு மலைகளின் மீது பழைய உரிமை கோரியவர்கள். அவர்களுக்கு மேல் திருவிதாங்கூர் அரசு இருந்தது. எழுதிக்கொடுத்தவருக்கு அந்த அளவு உரிமை உண்டா என்ற ஐயம் ஆவணத்தோடு உடன்பிறந்தது. ஆகவே 1878இல் திருவிதாங்கூர் அரசு மன்றோவோடு தனியே உறுதிச் சாசனம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1886இல் மேலும் ஓர் ஒப்பந்தம் வந்தது. 1899இல் அம்மலைகளின் மீதான பூஞ்ஞாற்றின் உரிமைகள் திருவிதாங்கூரைச் சேர்ந்தன. விற்பனை முதலில், உரிமை ஆய்வு பின்னர் என்ற வரிசையை இங்கே காணலாம்.

அதன்பின் நிலம் கும்பெனிகளின் கைக்குச் சென்றது. 1879இல் வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் சங்கம் அமைந்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கும்பெனி உருவாயிற்று. கேரள அரசு 1971இல் தனிச் சட்டம் இயற்றி இம்மலைகளை மீட்டெடுத்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பயிரிடப்பட்டதும் அதனோடு சார்ந்ததுமான ஏறத்தாழ 57,000 ஏக்கர் கும்பெனியிடமே இருக்கட்டும் என நில வாரியம் 1974இல் முடிவு செய்தது. எஞ்சியது அரசுக்கு. ஒரு சாசனத்தின் பொருளைத் தீர்மானிக்கத் தொண்ணூற்றைந்து ஆண்டுகளும் ஒரு சட்டமன்றமும் நாட்டின் உயர்ந்த நீதிமன்றமும் தேவைப்பட்டன.

இந்த ஆவணங்கள் எதிலும் கட்சிக்காரராக இடம்பெறாதவர்கள் முதுவர். அம்மலைகளில் தினை, கேழ்வரகு விளைத்து வாழ்ந்தவர்கள். மலையின் பெயரே கண்ணன் தேவன் என்ற உள்ளூர்த் தலைவரின் பெயர் என்று வழங்கும் கதை உண்டு. பெயர் ஆவணத்தில் ஏறிற்று. பெயருக்குரிய மக்கள் ஏறவில்லை.

5. 1999: அரசே எழுதிக்கொடுத்த தாள்

தனியார் ஆவணத்தைவிட அரசின் பட்டயம் உறுதியானது என்பது பொது நம்பிக்கை. தேவிகுளம் வட்டம் அந்த நம்பிக்கையையும் அசைத்தது. 1999இல் கூடுதல் வட்டாட்சியர் ஒருவர் கையொப்பமிட்ட 530 பட்டயங்கள் வழங்கப்பட்டன. 1964ஆம் ஆண்டின் நில ஒதுக்கீட்டு விதிகளின்படி அவற்றை வழங்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்பது பின்னர் எழுந்த குற்றச்சாட்டு. இருபதாண்டுகளுக்கும் மேலாக நீண்ட சர்ச்சைக்குப் பின், 2022 ஜனவரியில் கேரள அரசு அவற்றை ரத்து செய்யவும், தகுதியுள்ளோருக்குப் புதிதாக வழங்கவும் ஆணையிட்டது.

இவ்விரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அரசு முத்திரை கொண்ட தாள் கையில் இருந்தால் வரி கட்டலாம், வங்கியில் கடன் பெறலாம், வீடு கட்டலாம், விற்கலாம். அவ்வாறு விற்கும்போது சார்பதிவாளர் சட்டப்படி பதிவார். 35ஆம் பிரிவின் வினாக்களுக்கு விடை சரியாகவே இருக்கும். தாளின் அடியில் கையொப்பமிட்டவருக்கு அதற்கான அதிகாரம் உண்டா என்று கேட்கும் இடம் எதுவும் வழியில் இல்லை. செல்வாக்குடையோர் இத்தகைய தாள்களைக் கொண்டு சுற்றுலா விடுதிகள் எழுப்பினர் என்ற குற்றச்சாட்டு ஒருபுறம். சில சென்ட் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருக்கும் எளியோர் மறுபுறம். முன்னவருக்கு வழக்காடும் வலிமை உண்டு. பின்னவருக்கு அந்தத் தாளே முழு உடைமை.

தோட்டங்களின் பெருநிலங்களிலும் இதே முடிச்சுதான். கும்பெனிகளின் உரிமையைச் சிறப்பு அலுவலரைக் கொண்டே தீர்மானித்து நிலத்தை மீட்க அரசு முயன்றபோது, கேரள உயர் நீதிமன்றம் 2018இல் அதை ஏற்கவில்லை. உரிமைச் சிக்கலை உரிமையியல் நீதிமன்றமே தீர்க்க வேண்டும் என்றது. உரிமை யாருடையது என்பதை ஆவணம் பிறக்கும்போது கேட்காத முறையில், அக்கேள்வி ஒரு நூற்றாண்டு கழித்து நீதிமன்றத்தில் கேட்கப்படுகிறது.

6. அட்டப்பாடி: கதவுக்காவலர் வரத் தாமதித்த காலம்

அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் 1951இல் பெரும்பான்மையினராக இருந்தனர். பின்வந்த ஆண்டுகளில் கேரளத்தின் தாழ்நிலத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் குடியேற்றம் பெருகியது, பழங்குடியினர் சிறுபான்மையினராயினர். மண்ணார்க்காடு மூப்பில் நாயர் முதலிய ஜன்மிகளின் பெயரில் நிலம் இருந்ததும், பழங்குடியினரின் உழவுரிமை எழுத்தில் இல்லாததும் இதற்கு வழி வகுத்தன. சிறு கடனுக்கோ குறுகிய காலப் பாட்டத்துக்கோ வைத்த கைநாட்டு பின்னர் நிரந்தர விற்பனையாக வாசிக்கப்பட்டது என்பது அங்குள்ள ஊர்களிலிருந்து தொடர்ந்து எழும் முறையீடு.

கேரளச் சட்டமன்றம் இந்த நோயை அறிந்தே மருந்து தந்தது. 1975ஆம் ஆண்டின் சட்டம், உரிய அதிகாரியின் முன் அனுமதியின்றிப் பழங்குடியினர் நிலம் பிறருக்குக் கைமாறினால் அது செல்லாது என்றது. கைமாறியவற்றை மீட்டளிக்கவும் வழி செய்தது. இத்தாலிய நொத்தாயோ மறுக்கும் இடத்தில் நிற்பது போலவே, இங்கும் இரு தரப்புக்கும் நடுவில் மூன்றாமவர் ஒருவரைச் சட்டம் நிறுத்தியது எனலாம். ஆனால் அச்சட்டத்துக்கான விதிகள் 1986இல்தான் வந்தன. பதினோராண்டுக் காலம் காவலருக்கு இருக்கை இருந்தது, காவலர் இல்லை. 1993இல் உயர் நீதிமன்றம் சட்டத்தை நிறைவேற்றுமாறு ஆணையிட்டது. இறுதியில் 1999இல் புதிய சட்டம் வந்தது. இரண்டு ஹெக்டேர் வரையிலான பழைய கைமாற்றங்கள் காக்கப்பட்டன. இழந்தவருக்கு மாற்று நிலம் என்றாயிற்று. 2009இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது.

இதில் குடியேறிய சிறு விவசாயிகளின் பக்கத்தையும் மறத்தலாகாது. அவர்களுள் பலர் பதிவான ஆதாரத்தை நம்பி விலை கொடுத்தவர்கள். அந்த ஆதாரம் உரிமைக்கு உறுதி தராது என்பதை அவர்களுக்குச் சொல்லும் கடமை கொண்டவர் எவரும் இல்லை. எழுதிக்கொடுத்தவரும் ஏமாந்து, எழுதி வாங்கியவரும் ஏமாறும் ஆவணம் ஒன்று இருக்க முடியும் என்பதற்கு அட்டப்பாடி சான்று.

7. எம்மொழியில் கையொப்பம்?

எல்லை மலைகளில் இன்னொரு சுமையும் கூடுகிறது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் பாலக்காட்டின் சித்தூர், அட்டப்பாடிப் பகுதிகளிலும் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர். ஆதாரங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் எழுதப்படுகின்றன. மலையாளம் காதுக்குப் பழகியவர்க்கும் அதன் எழுத்து பழகியிருப்பதில்லை. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுதித் தொடர்புகொள்ள இடமளிக்கிறது. ஆதாரம் இருவருக்கிடையிலான எழுத்து. அது வேறு களம்.

பதிவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு மொழியைப் பற்றிப் பேசுகிறது. பதிவு அலுவலருக்குத் தெரியாததும் மாவட்டத்தில் பொதுவாக வழங்காததுமான மொழியில் ஆவணம் இருந்தால், மொழிபெயர்ப்பு இணைக்கப்பட வேண்டும். இங்கே சட்டத்தின் கவலை அலுவலருக்குப் புரிய வேண்டும் என்பது. இத்தாலியச் சட்டத்தின் கவலை வேறு திசையில் உள்ளது. கட்சிக்காரர் தமக்கு இத்தாலியம் தெரியாது என அறிவித்தால், நொத்தாயோவும் சாட்சிகளும் அறிந்திருக்கும் பட்சத்தில் அவர்தம் மொழியிலேயே ஆவணம் எழுதலாம். அருகில் இத்தாலிய மொழிபெயர்ப்பு வைக்கப்படும். நொத்தாயோவுக்கு அம்மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் அமர்த்தப்பட வேண்டும். கையொப்பமிடுபவருக்குப் புரிவதே அங்கு முதல் நிபந்தனை.

தமிழிலேயே இத்தகைய மரபு வாழும் நிலம் ஒன்று உண்டு. இலங்கையில் ரோமன்-டச்சுச் சட்டத்தின் தொடர்ச்சியில் நொத்தாரிசு என்ற பதவி நிலைபெற்றது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசு ஒருவர் முன்னும் ஒரே வேளையில் உடனிருக்கும் இரு சாட்சிகள் முன்னும் கையொப்பமிடாத நில விற்பனை செல்லாது என்றது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அவருடைய கடமைகளை விரித்துரைத்தது. காணிப் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பதும் அவற்றுள் ஒன்று. உரிமம் மொழிவாரியாக வழங்கப்படுகிறது. தமிழில் ஆவணம் முடிக்கும் நொத்தாரிசு தமிழுக்கென உரிமம் பெற்றவர். யாழ்ப்பாணத்தில் நில ஆவணத்துக்கு வழங்கும் சொல் 'உறுதி'. கீழே பத்திரம், மேலே ஆதாரம், கடல் கடந்தால் உறுதி. ஒன்று தாளைக் குறிக்கிறது, ஒன்று சான்றைக் குறிக்கிறது, ஒன்று வாக்கைக் குறிக்கிறது.

8. எதிர்வினாக்கள்

நொத்தாயோவை இம்மலைகளுக்குக் கொண்டுவந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று சொல்ல இயலாது. முதலாவது, செலவு. எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட தொழிலில் கட்டணம் ஏறும் என்ற விமர்சனம் இத்தாலியிலேயே நெடுநாளாக உண்டு. சில சென்ட் நிலம் வாங்குபவருக்கு அது பாரம். இரண்டாவது, நொத்தாயோ பதிவேட்டைத்தான் தேடுவார். பதிவேட்டில் இல்லாத உரிமை அவர் கண்ணில் படாது. 1877இல் அத்தகைய ஒருவர் இருந்திருந்தால் பூஞ்ஞாற்றுக்கும் திருவிதாங்கூருக்கும் இடையிலான சிக்கலை முன்னரே எழுப்பியிருக்கக்கூடும். முதுவரின் உரிமையை அவரும் கண்டிருக்க மாட்டார். இலங்கையிலும் நொத்தாரிசு முறை காணி மோசடியை முற்றாக ஒழித்துவிடவில்லை.

பதிவேட்டுக்கு வெளியே உள்ள உரிமையைக் கேட்கும் முறை ஒன்றை இந்தியச் சட்டமே அண்மையில் உருவாக்கியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ், உரிமைக் கோரிக்கை முதலில் ஊர்க்கூட்டத்துக்குச் செல்கிறது. எழுத்தில் பதியப்பட்ட ஊர் மூத்தோரின் வாய்மொழிக் கூற்று சான்றாக ஏற்கப்படுகிறது. அட்டிப்பேற்று ஓலையின் அவையில் இடம் பெறாதவர்கள் இங்கே தாமே அவையாகின்றனர்.

நிலப் பதிவுகளைக் கணினியில் ஒருங்கிணைக்கும் முயற்சிகள் இரு மாநிலங்களிலும் நடக்கின்றன. கேரளத்தில் டிஜிட்டல் மறு அளவை 2022இல் தொடங்கியது. பதிவு, வருவாய், அளவை ஆகிய மூன்றும் ஒரே திரையில் தெரிவது பயனுள்ளதே. திரை தகவலைச் சேர்க்கும். பொறுப்பை யாரிடம் சேர்ப்பது என்பதைச் சட்டம்தான் சொல்ல வேண்டும். பழைய பிழை புதிய பதிவேட்டில் ஏறும்போது அதைத் தடுத்து நிறுத்தும் கடமையும், நிறுத்தாவிட்டால் ஈடு செய்யும் கடமையும் எவருடையவை என்ற வினா இன்னும் எழுதப்படாமல் உள்ளது.

9. ஆய்வாளருக்கு

இத்தாலியில் நோட்டரி ஆவணங்கள் நூறாண்டு கடந்தபின் அரசு ஆவணக்காப்பகங்களுக்குச் செல்கின்றன. இடைக்கால இத்தாலியின் சமூக வரலாற்றில் பெரும்பகுதி அவற்றிலிருந்தே எழுதப்பட்டது. கேரள, தமிழகச் சார்பதிவாளர் அலுவலகங்களின் பழைய தொகுதிகளும் அத்தகைய களஞ்சியமே. எல்லைப் பகுதிகளைப் பொறுத்தவரை அவை போதிய அளவு படிக்கப்படவில்லை.

அவற்றைப் படிப்பவர் வழக்கமாக விலையையும் பரப்பையும் குறித்துக்கொள்கிறார். ஆவணத்தின் கடைசிப் பகுதியையும் படிக்க வேண்டும். எழுதியவர் யார், எந்த ஊரினர், சாட்சிகள் விற்பவரின் அண்டையாரா, வாங்குபவரின் ஆட்களா, கையொப்பமா, கைநாட்டா, கைநாட்டு வைத்தவர் பேசும் மொழி ஆவணத்தின் மொழிதானா, ஒரே எழுத்தாளரின், ஒரே இரு சாட்சிகளின் பெயர்கள் ஒரே மாதத்தில் எத்தனை ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. அட்டப்பாடியில் நிலம் கைமாறிய வேகத்தையும், தேவிகுளத்தில் பட்டயங்கள் கைமாறிய வழியையும் நில அளவைக் கணக்குகளைவிட இந்தக் கடைசி வரிகள் தெளிவாகக் காட்டக்கூடும்.